படை அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு

அன்புள்ள பொறியாளர்களே,

சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் இருந்துகொண்டு இந்தியப் படைகளின் அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் நீங்கள். தனியார் நிறுவனத்தில் வேலை செய்யலாம், அரசு ஆய்வு மையத்தில் இருக்கலாம், சீருடையோடு சிக்னல்ஸ் பிரிவிலேயே இருக்கலாம். உங்களில் தமிழ் படிக்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். நான் தரைப்படையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கும், கணவரை இழந்த வீரர் மனைவியருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். நீங்கள் அங்கே கட்டி அனுப்பும் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தத் திரை எங்களை என்ன பாடு படுத்துகிறது என்பதை யாராவது உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதும் புகார்கள் படிப்படியாக மேலே போகின்றன. உங்கள் மேசைக்கு வருவதில்லை. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

படையில் கணினி என்றதும் எல்லோருக்கும் ஏவுகணையும் ரேடாரும் ட்ரோனும் நினைவுக்கு வரும். அவற்றுக்கு ஆய்வகங்கள் உண்டு, விருதுகள் உண்டு, குடியரசு தின அணிவகுப்பில் இடமும் உண்டு. யூனிட் அலுவலகத்தின் மூலையில் தூசி படிந்து நிற்கும் கணினியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒரு சிப்பாயின் வாழ்க்கை முழுவதும் அந்த மூலையின் வழியாகத்தான் போகிறது. லீவு, சம்பளம், படிகள், பதவி உயர்வு, மருத்துவத் தகுதி, இடமாற்றம், ஓய்வூதியம், அவன் இறந்துபோனால் குடும்பத்துக்குச் சேர வேண்டியது என எல்லாவற்றையும் யாரோ ஒரு கிளார்க் தட்டச்சு செய்தாக வேண்டும்.

உங்களுக்கு ஒரே ஒரு நடைமுறையைச் சொல்கிறேன். சிப்பாய்க்குக் குழந்தை பிறந்தால் அது பார்ட்-டூ ஆர்டராக வெளியாக வேண்டும். யூனிட்டில் தயாராகி, அங்கிருந்து ரெக்கார்ட் ஆபீஸுக்கும் சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கும் போய், அவனுடைய சேவைப் பதிவில் ஏற வேண்டும். அந்த ஒரு வரி விடுபட்டால் அவனுக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே படைக்குத் தெரியாது. தவறு உடனே வெளிப்படாது. பல ஆண்டுகள் கழித்துப் படிப்பு உதவிக்கோ முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டைக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரும். அப்போது அந்த யூனிட் வேறு ஊரில் இருக்கும், அந்தக் கிளார்க் ஓய்வு பெற்றிருப்பார், காகிதத்தைத் தேடி எடுக்க ஆள் இருக்காது. திருமணம், மனைவியின் பெயர், வாரிசு நியமனம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பனிமலையில் காவல் நிற்கிறவன் தன் பிள்ளையின் பெயர் பதிவில் ஏறியதா என்று கவலைப்படாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது.

கணினி வந்தால் வேலை குறையும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். இன்று நடப்பதைக் கேளுங்கள். முதலில் ரிஜிஸ்டரில் கையால் எழுத வேண்டும், ஏனென்றால் ஆய்வுக்கு வருகிற அதிகாரி ரிஜிஸ்டரைத்தான் கேட்பார். பிறகு கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றியதைப் பிரிண்ட் எடுத்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, அதே கணினியில் மறுபடி ஏற்ற வேண்டும். மூலப்பிரதி தபாலில் தனியாகப் போக வேண்டும். முன்பு ஒரு தடவை செய்த வேலையை இப்போது நான்கு தடவை செய்கிறோம். இதற்கு மின்மயமாக்கல் என்று பெயர் வைத்து, எத்தனை சதவீதம் முடிந்தது என்று மாதாமாதம் அறிக்கையும் கேட்கிறார்கள். அந்த அறிக்கையையும் அதே கிளார்க்தான் தயாரிக்கிறார்.

அடுத்து, வலையமைப்பு. படையின் உள்வலையில் இணைந்த கணினி ஒன்று, இணையத்தில் இணைந்த கணினி இன்னொன்று. இரண்டுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இந்த விதி சரியானது. அதை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் சிப்பாயின் சேவைப் பதிவு உள்வலையில் இருக்கிறது. வங்கி, ஆதார், வருமான வரி, ஓய்வூதியம் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. அதனால் ஒரே பெயரை, ஒரே எண்ணை, ஒரே பிறந்த தேதியை ஒரே ஆள் இரண்டு கணினிகளில் தனித்தனியாகத் தட்ட வேண்டியிருக்கிறது. பத்தாவது ஆளின் விவரத்தைத் தட்டும்போது கண் சோர்ந்து ஓர் எழுத்து மாறிப்போகிறது. அந்த ஓர் எழுத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் அலுவலகத்தில் இணைப்பு வேகமாக இருக்கும், கணினி புதிதாக இருக்கும். அங்கே ஓடிய படிவம் லடாக்கிலோ அருணாசலத்திலோ செயற்கைக்கோள் இணைப்பில் ஓடும்போது வேறு உருவம் எடுக்கிறது. ஐந்து பக்கப் படிவத்தில் நான்காவது பக்கத்தில் இருக்கும்போது இணைப்பு அறுந்தால் மீண்டும் முதல் பக்கம். பாதி நிரப்பியதைச் சேமித்து வைக்க வழி கிடையாது. மாதக் கடைசியில் எல்லா யூனிட்டும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும்போது திரை உறைந்து நிற்கும். எல்லாம் முடிந்து அனுப்பினால் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வரும்: உள்ளீடு செல்லாது. எந்தக் கட்டத்தில் தவறு, என்ன தவறு, எப்படித் திருத்துவது, யாரிடம் கேட்பது, ஒன்றும் இருக்காது. கிளார்க் ஒவ்வொரு கட்டமாக மாற்றிப் பார்த்து, கடைசியில் முகவரிக்கு நடுவே இருந்த ஒரு கமாவை எடுத்ததும் படிவம் போய்விடும். அதை அவர் தன் நோட்டில் குறித்துவைத்துக்கொள்வார். அடுத்த கிளார்க் வரும்போது அந்த நோட்டைத்தான் முதலில் ஒப்படைப்பார். உங்கள் மென்பொருளுக்கு நாடு முழுவதும் இப்படிக் கையால் எழுதிய வழிகாட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது நீங்கள் படித்ததுண்டா?

அந்தக் கிளார்க்கும் சிப்பாய்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். அவருக்குத் துப்பாக்கிப் பயிற்சி உண்டு, உடல் தகுதித் தேர்வு உண்டு, காவல் முறை உண்டு, யூனிட் நகர்ந்தால் பெட்டி படுக்கையோடு அலுவலகத்தையும் கட்டிக்கொண்டு நகர வேண்டும். அதிகாரியும் இந்தத் திரையிடமிருந்து தப்புவதில்லை. கம்பெனி கமாண்டர் ஒருவர் இரவு பத்து மணிக்கு உறைந்த திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அது அவர் தன் ஆட்களோடு பேச வேண்டிய நேரம், அல்லது மறுநாள் ரோந்துக்கு முன்னால் தூங்க வேண்டிய நேரம். படையின் போர்த் திறனை எடை போடுகிறவர்கள் இந்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எந்தப் பேரேட்டிலும் அது நஷ்டமாக ஏறுவதில்லை. ஏறினால் நீங்களே அதிர்ந்துபோவீர்கள்.

இனி அந்த ஓர் எழுத்துக்கு வருகிறேன். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தோடு நம் பெயர், அவ்வளவுதான். நீங்களும் இப்படித்தான் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியிருந்தும் உங்கள் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கிறது. இரண்டையும் நிரப்பாமல் நகர விடுவதில்லை. படையில் சேர்ந்த அன்று வடக்கத்தி கிளார்க் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று. ஆதாரில் முதலெழுத்து விரிந்து அப்பா பெயர் முழுதாக வந்திருக்கும். பான் அட்டையில் அப்பா பெயர் பின்னால் போயிருக்கும். மனைவி தமிழ்ச்செல்வி என்றால் ஓரிடத்தில் ஒரே சொல்லாக, இன்னோரிடத்தில் இரண்டு சொல்லாக. மனிதக் கண்ணுக்கு இவை எல்லாம் ஒரே ஆள் என்று நொடியில் தெரியும். உங்கள் மென்பொருளுக்கு இவை மூன்று பேர்.

அதன் விளைவைத்தான் நான் இன்றும் பார்க்கிறேன். கணவர் இறந்து, குடும்ப ஓய்வூதியத்துக்காக வருகிற அம்மாவிடம் "பெயர் பொருந்தவில்லை" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது நாற்பது ஆண்டு அவரோடு குடும்பம் நடத்தியவர் அவருடைய மனைவிதான் என்பதற்கு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, தாசில்தார் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கி, ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த அம்மாவுக்குப் படிவம் புரியாது, ஆங்கிலம் தெரியாது, கைபேசிக்கு வரும் கடவு எண்ணைப் படித்துச் சொல்லப் பேரன் பள்ளியிலிருந்து வர வேண்டும். உங்களுக்கு ஒரு கட்டம் கட்டாயமா, விருப்பமா என்பது ஒரு சின்ன முடிவு. அவருக்கு அது பல மாதச் சோறு.

இது என் ஒருவனின் மனக்குறை என்று தள்ளிவிடாதீர்கள். 30 லட்சத்துக்கு மேற்பட்ட பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்களை ஒரே முறைக்குள் கொண்டுவரும் ஸ்பர்ஷ் திட்டம் எவ்வளவு பெரிய முயற்சி என்பது எனக்குத் தெரியும். பல வங்கிகளிலும் அலுவலகங்களிலும் சிதறிக் கிடந்ததை ஒன்றாக்கி, ஓய்வூதியத்தை நேரடியாகக் கணக்கில் சேர்க்கும் நோக்கம் நல்லது. ஆனால் 2022 ஏப்ரல் மாதத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். வருடாந்திர அடையாளச் சரிபார்ப்பு மாத இறுதிக்குள் உறுதியாகவில்லை என்பதால் 58,275 பேருக்கு அந்த மாத ஓய்வூதியம் வரவில்லை. மே 4 ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகமே இந்த எண்ணிக்கையை வெளியிட்டு, ஒரு முறை விலக்கு என்று மே 25 வரை அவகாசம் கொடுத்துப் பணத்தை வரவு வைத்தது. விரைந்து சரி செய்தார்கள், அதற்கு நன்றி. என் கேள்வி அதற்கு முந்தையது. சரிபார்ப்புத் தகவல் வரவில்லை என்றால் பணத்தை நிறுத்து என்று ஒரு நிபந்தனை முறைக்குள் இருந்தது. முதியவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா, அவர் வங்கிக்கு நடந்து போகக்கூடிய நிலையில் இருக்கிறாரா, தவறு அவருடையதா வங்கியுடையதா என்று கேட்கும் நிபந்தனை இருந்ததா? நிறுத்துவதற்கு முன்னால் ஒரு மனிதர் பார்த்து முடிவெடுக்கும் படி ஒன்று இருந்திருந்தால், விலக்கு என்று தனியாக ஒன்று தேவைப்பட்டிருக்குமா?

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். முதல் பதில், பாதுகாப்பு. படையின் கணினி எல்லோருடைய கணினி போல இருக்க முடியாது, கெடுபிடிகள் இருக்கத்தான் வேண்டும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை செய்ய விடாத முறை பாதுகாப்பான முறை ஆகிவிடுமா என்று யோசியுங்கள். மாலைக்குள் அறிக்கை போக வேண்டும் என்று உத்தரவு. முறையான வழி அடைத்துக்கொண்டிருக்கிறது. கீழே இருக்கிறவர் என்ன செய்வார்? கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், அல்லது பென் டிரைவைத் தேடுவார். துரோகம் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. உத்தரவை நிறைவேற்றத்தான் அதைச் செய்கிறார். எதிரிக்கு வேண்டியதும் அந்த ஓட்டைதான்.

2008 இல் மேற்காசியாவில் இருந்த அமெரிக்கப் படைத்தளம் ஒன்றில் மடிக்கணினியில் செருகிய ஒரு பென் டிரைவ் வழியாகத்தான் அந்நாட்டுப் படையின் ரகசிய வலையமைப்புக்குள்ளேயே தீங்குநிரல் நுழைந்தது. அந்நாட்டின் பாதுகாப்புத் துணை அமைச்சர் வில்லியம் லின் 2010 இல் அதை வெளிப்படையாகவே எழுதினார். 2012 இல் விசாகப்பட்டினத்தில் நம் கிழக்குக் கடற்படைத் தலைமையகத்தின் கணினிகளிலும் பென் டிரைவ் வழியாகத் தீங்குநிரல் புகுந்த செய்தி நாளேடுகளில் வந்தது. இணையத்தோடு இணைக்காத கணினிகளின் கோப்புகளைக்கூட அது பென் டிரைவில் ஒளித்துவைத்து வெளியே கடத்தும் வகையில் இருந்தது. 2020 ஜூலையில் தரைப்படை தன் வீரர்களை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைக் கைபேசியிலிருந்து நீக்கச் சொன்னது. தடை தேவைதான். ஆனால் தடைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எளிதாக வேலை முடிக்கும் நேர்வழி ஒன்றும் இருக்க வேண்டும். அந்த நேர்வழியைக் கட்டுவது உங்கள் கையில் இருக்கிறது. எளிமையைப் பாதுகாப்புக்கு எதிரியாக வைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம். பயன்படுத்த எளிதான முறையைத்தான் ஆட்கள் விதிப்படி பயன்படுத்துவார்கள். 2023 இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கணினிகளுக்கு மாயா என்ற உள்நாட்டு இயங்குதளம் வந்தபோது, பழகிய விண்டோஸ் திரையைப் போலவே அதை அமைத்திருப்பதாகச் செய்திகள் கூறின. பாதுகாப்பைக் கூட்டும்போதே பயன்படுத்துகிறவரின் பழக்கத்தையும் யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். எனக்கு வேண்டியது அந்த நினைப்புதான்.

இரண்டாவது பதில், பணம். கணினிகள் பழையவை, டெண்டர் விதிகள் அப்படி, நிதி ஒதுக்கீடு எங்கள் கையில் இல்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் பணம் மட்டும் இதைத் தீர்க்காது என்பதற்கு உலகிலேயே அதிகம் செலவழிக்கும் படை சாட்சி. அமெரிக்க விமானப்படையும் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் செயற்கை நுண்ணறிவு அமைப்பில் பொறுப்பு வகித்த மைக்கேல் கனான், 2022 ஜனவரியில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். எங்கள் கணினிகளைச் சரி செய்யுங்கள் என்பதுதான் அதன் வேண்டுகோள். கணினி தொடங்கவும் மின்னஞ்சல் திறக்கவும் ஆகும் நேரத்தில் வேலை நேரம் கரைந்துபோவதை அவர் எடுத்துச் சொன்னார். அந்தப் படையிலிருந்தும் பாதுகாப்புத் துறையிலிருந்தும் எத்தனையோ பேர் அது தங்கள் கதையும்தான் என்று குரல் கொடுத்தார்கள். துறையின் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர்கள் பொதுவெளியில் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசும் படையிலேயே மேசைக் கணினியின் நிலை அதுவாக இருந்தது.

அதே விமானப்படை, தன் தளவாடக் கணக்குக்கான 200 க்கும் மேற்பட்ட பழைய முறைகளை எடுத்துவிட்டு ஒரே பெரிய முறையைக் கொண்டுவர நினைத்தது. 100 கோடி டாலருக்கு மேல் செலவானது. 2012 நவம்பரில் அந்தத் திட்டத்தை அப்படியே கைவிட்டார்கள். குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒரு பயனும் கிடைக்கவில்லை. அந்நாட்டு செனட் துணைக்குழு 2014 இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை தோல்விக்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது, வேலை நடக்கும் முறையை முதலில் ஆராய்ந்து மாற்றாமல் மென்பொருளை வாங்கியது. வாய்க்கால் வெட்டாமல் அணை கட்டியது போலாயிற்று. எங்கள் ரிஜிஸ்டர் கதையும் இதுதான். எந்தக் காகிதம் இனி தேவையில்லை, எந்தக் கையெழுத்தை எடுத்துவிடலாம் என்று யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. பழைய சடங்குகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அவற்றின் மேல் ஒரு திரையைப் போட்டுவிட்டார்கள்.

எதனால் வேலை நடக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. கத்தாரின் அல் உதெய்த் தளத்தில் அமெரிக்க விமானப்படையின் வான்போர் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. 2016 இல் அங்கே வந்த ஒரு குழு கண்டது, பறக்கும்போதே எரிபொருள் நிரப்பும் விமானங்களின் அன்றாடத் திட்டத்தை வீரர்கள் வெள்ளைப் பலகையில் போட்டுக்கொண்டிருந்ததைத்தான். இப்படிப்பட்ட மையங்களின் கணினி முறையை ஒட்டுமொத்தமாகப் புதுப்பிக்கும் பெரிய ஒப்பந்தம் ஒன்று ஆண்டுக்கணக்கில் இழுத்து, செலவு ஏறி, 2017 இல் ரத்தானது. இதற்கிடையில் ஒரு சிறு குழு, பலகையின் முன்னால் நின்ற வீரர்களோடு சேர்ந்து அவர்களுடைய வேலையைப் பார்த்து, அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு செயலியைச் சில மாதங்களில் எழுதிக் கொடுத்தது. பல மணி நேரம் பிடித்த திட்டத்தைக் குறைந்த ஆட்கள் குறைந்த நேரத்தில் போட முடிந்தது. தேவையில்லாமல் பறந்த எரிபொருள் விமானங்களும் குறைந்தன. பெரிய ஒப்பந்தத்தால் முடியாததைச் சின்னக் குழு முடித்ததற்கு ஒரே காரணம்தான்: வேலை செய்கிறவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

நம் நாட்டிலும் இது நடக்கிறது. 2021 டிசம்பரில் தரைப்படை அறிமுகப்படுத்திய அசிக்மா என்ற செய்தி பரிமாற்றச் செயலி, 15 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த பழைய முறையின் இடத்துக்கு வந்தது. அதை உருவாக்கியவர்கள் சிக்னல்ஸ் பிரிவின் அதிகாரிகளே. உள்வலை எப்படிப்பட்டது, யூனிட்டில் யார் யாருக்கு என்ன செய்தி போகும் என்பது அவர்களுக்குச் சேவையிலேயே தெரிந்த விஷயம். யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிந்தவர்கள் எழுதினால் பாதி வேலை முடிந்ததாகிவிடுகிறது.

உங்களுக்கு அந்த அனுபவம் இல்லாதது குற்றம் இல்லை. ஆனால் அதைத் தேடிப் போகாமல் இருப்பது உங்கள் பொறுப்பில் வருகிறது. தேவைப் பட்டியலைத் தலைமையகத்தில் யாரோ எழுதுகிறார்கள். சோதனை முடிந்தது, ஏற்றுக்கொண்டோம் என்று தலைமையகத்திலேயே யாரோ கையெழுத்திடுகிறார்கள். இரண்டு பேரும் அந்தப் படிவத்தை ஒருநாளும் நிரப்பப்போவதில்லை. ஒப்பந்தப்படி எல்லாம் சரி. ஆனால் பொறியாளர் என்ற பெயருக்கு ஒப்பந்தம் மட்டும் போதுமா? பாலம் கட்டுகிற பொறியாளர், பாலத்தின் மேல் வண்டி ஓடுவதைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். எல்லாம் உங்கள் கைக்கு எட்டியவை.

அடுத்த பதிப்பை வெளியிடுவதற்கு முன், அனுமதி கேட்டு வாங்கி, ஒரு யூனிட் அலுவலகத்தில் சில நாட்கள் உட்காருங்கள். அதிகாரிகள் ஏற்பாடு செய்யும் விளக்கக் கூட்டம் வேண்டாம். கிளார்க்கின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, வாய் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எதை இரண்டு தடவை தட்டுகிறார், எந்த நோட்டைத் திறந்து பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நுழைவு அனுமதி கிடைக்காத இடமென்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வாருங்கள். அங்கே யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள். காலையிலிருந்து காத்திருக்கும் பெரியவர்களிடம் பேசுங்கள்.

எங்களிடம் இருக்கும் மிகப் பழைய கணினியிலும், மிக மெலிந்த இணைப்பிலும் உங்கள் படிவத்தை ஓட்டிப் பார்த்த பிறகே முடிந்தது என்று சொல்லுங்கள். இணைப்பு அறுந்தாலும் தட்டியது அழியாமல் இருக்கட்டும். ஒரு தடவை கொடுத்த தகவலை அதே வலைக்குள் மறுபடி கேட்காதீர்கள். இரண்டு வலைகளுக்கு நடுவே தகவல் போக வேண்டிய இடத்தில், பாதுகாப்பு விதிக்கு உட்பட்டு அதைக் கொண்டுபோகும் முறையான வழியை நீங்களே வடிவமைத்து அதிகாரிகளிடம் முன்வையுங்கள். அந்தப் பாரத்தைக் கிளார்க்கின் விரல்களில் ஏற்றாதீர்கள்.

பெயர்க் கட்டத்தை இந்த நாட்டு மனிதர்களின் பெயருக்கு ஏற்றபடி மாற்றுங்கள். கடைசிப் பெயர் இல்லாதவர்களும் குடிமக்கள்தான். இரண்டு பதிவுகளில் எழுத்து மாறியிருந்தால், அதைப் பொறுப்பான ஓர் அலுவலர் பார்த்து, ஆவணத்தைச் சரிபார்த்து, தன் பெயரில் ஒப்புதல் கொடுத்துத் தீர்க்க ஒரு வழி வையுங்கள். ஒருவருடைய சோற்றை நிறுத்தும் எந்த முடிவையும் மென்பொருள் தனியாக எடுக்க விடாதீர்கள். நிறுத்துவதற்கு முன் ஒரு மனிதர் பார்க்கட்டும். பார்த்தவரின் பெயர் பதிவில் இருக்கட்டும்.

பிழை வந்தால் என்ன பிழை என்று சொல்லுங்கள். ஓய்வூதியர்கள் பார்க்கும் திரையில் அதைத் தமிழிலும் பிற மொழிகளிலும் சொல்லுங்கள். எந்தக் கட்டம், என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற மூன்றும் அந்தச் செய்தியில் இருக்க வேண்டும். நாங்கள் ஒரு குறையை எழுதி அனுப்பினால், அது கிடைத்தது என்றோ, இந்தத் தேதிக்குள் பார்ப்போம் என்றோ, இன்ன காரணத்தால் முடியாது என்றோ ஏதாவது ஒரு பதில் எழுதுங்கள். முடியாது என்ற பதிலைக்கூட நாங்கள் தாங்கிக்கொள்வோம். எழுதியதை யாரும் படிக்கவே இல்லை என்ற எண்ணத்தில்தான் மனம் விட்டுப்போகிறது. அதன் பிறகு யாரும் எழுத மாட்டார்கள், அவரவர் குறுக்குவழியைத் தேடிக்கொள்வார்கள்.

கடைசியாக, உங்கள் மேலாளரிடமும், திட்டத்தை வாங்கும் அதிகாரியிடமும் ஒரு கேள்வியைக் கேட்கத் துணியுங்கள்: இந்தத் திரை வந்த பிறகு எந்தக் காகிதம் நிற்கப்போகிறது? பதில் இல்லையென்றால், பதில் கிடைக்கும்வரை வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்ளாதீர்கள். இதைக் கேட்கும் இடத்தில் நாங்கள் இல்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படிவது எங்கள் தொழில். கூட்டத்தில் நாற்காலி இருப்பது உங்களுக்குத்தான். எங்களுக்காகவும் அங்கே நீங்கள்தான் பேச வேண்டும்.

படைக்கு உழைக்கிறோம் என்ற பெருமை உங்களுக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். அது நியாயமான பெருமை. உங்கள் திறமையில் எனக்கு ஒரு துளியும் ஐயமில்லை. உலகத்தின் வங்கிகளையும் விமான நிறுவனங்களையும் ஓட வைக்கும் கைகள் உங்களுடையவை. அந்தக் கைகளின் உழைப்பு சிப்பாயின் மேசைக்கு வரும்போது மட்டும் தேய்ந்துபோக நியாயம் இல்லை. இந்த மடலைப் படித்த உங்களில் ஒவ்வொருவரும் இந்த மாதத்துக்குள், உங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு கிளார்க்கையாவது, ஒரு முன்னாள் வீரரையாவது, கணவரை இழந்த ஓர் அம்மாவையாவது நேரில் சந்தியுங்கள். அவர்கள் சொல்லும் குறைகளில் ஒன்றை உங்கள் அடுத்த பதிப்பில் தீர்த்து, தீர்த்துவிட்டோம் என்று அவர்களுக்கே சொல்லி அனுப்புங்கள். ஒன்றில் தொடங்குங்கள், அதற்கு எந்த டெண்டரும் தேவையில்லை.

இப்படிக்கு,
உங்கள் படிவங்களை இன்றும் நிரப்பிக்கொண்டிருக்கும் முன்னாள் படை கிளார்க் ஒருவர்